மூன்று கொம்பும் ஒரு தகர வேலியும்

பழி வாங்க வருகிறவர்களை எனக்குப் பிடிக்கும். மாட்டைத் தொலைத்துவிட்டு வருகிறவர்கள் அழுவார்கள். புருஷனைச் சந்தேகப்பட்டு வருகிறவர்கள் பாதிக் கதையில் எழுந்து போய்விடுவார்கள். பழி வாங்க வருகிறவர்கள் மட்டும் சொன்ன நேரத்துக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, தலை முதல் வால் வரை ஒழுங்காகச் சொல்வார்கள். ராஜினி அந்த வகை.

வவுனியாக் கடைவீதியில், பேக்கரிக்கு மேல்மாடியில் எங்கள் அலுவலகம். ஹலீம் நானா ஒரு காப்புறுதிக் கொம்பனியில் பொய் விபத்துகளைப் பிடித்துப் பிடித்தே நரைத்தவர். ஓய்வு பெற்ற பிறகு பொய்க்காரர்களின் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடியவில்லை என்று சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினார். நான் அமராவதி. தட்டச்சு, தேநீர், வாய் மூன்றும் என் பொறுப்பு. கோப்புகளை மிக்ஸிப் படம் போட்ட பெட்டியில் வைத்திருக்கிறேன். என் மிக்ஸி வீட்டில் ஒரு பால்மாப் பெட்டிக்குள் இருக்கிறது. இந்த ஊரில் எந்தச் சாமான்தான் அதனதன் பெட்டியில் இருந்திருக்கிறது?

ராஜினி ஓர் உதவி நிறுவனத்தில் கணக்காளர். தேநீருக்குச் சீனி போதாது என்று கேட்டு வாங்கிக்கொண்டு தொடங்கினாள்.

“எங்கட ஒபிஸ் வெள்ளைக்காரப் பெரியவருக்கு ஒரு ஈமெயில் வந்தது நானா. ஊரை விட்டுப் போகாட்டி சவப்பெட்டியிலதான் போவாய் எண்டு. பேர் இல்லை. கொம்பியூட்டர்காரர் தேடிப் பாத்தால், அது என்ர வீட்டு லைனில இருந்து போயிருக்கு. என்னை வேலையால நிப்பாட்டிப் போட்டினம்.”

“நீங்கள் அனுப்பேல்லை.”

“என்ர சோத்தில நானே மண்ணள்ளிப் போடுவனோ? பக்கத்து வீட்டு வீரகத்திதான். போன வருசம் நான் வீட்டில வயர்லெஸ் பூட்டினனான். அந்தாள் அதைக் களவெடுத்து அனுப்பியிருக்கு. சுவிசில இருக்கிற மகள் அவருக்கு லப்டொப் அனுப்பினவா. பெட்டி வந்து இறங்கினதை நான் கண்ணால கண்டனான்.”

“உங்களோட அவருக்கு என்ன கோவம்?”

“அவருக்கு என்னோட கோவமில்லை,” என்றாள். தேநீரைக் குடித்து முடித்து, “திங்கக்கிழமை விசாரணை. அதுக்கு முதல் உங்கட அறிக்கை எனக்கு வேணும். அந்தாள் உள்ளுக்குப் போக வேணும். போனால் திரும்பி வரக்கூடாது,” என்றாள்.

குரல் உயரவே இல்லை. சண்டை திரும்பி வந்து, யாழ்ப்பாணம் போகிற ஏ-ஒன்பது பாதை மறுபடி மூடப் போகிறது என்று சனம் அரிசி வாங்கி அடுக்கிய காலம் அது. உள்ளே கொண்டுபோகப்படுகிறவர்கள் வெளியே வருவது குறைந்துகொண்டே போனது. வெள்ளைக்கார அதிகாரியை மிரட்டியவன் என்று யாருடைய பெயரையாவது நாங்கள் எழுதிக் கொடுத்தால், அவனுக்கு அதுவே கடைசி என்பது எங்கள் மூவருக்கும் தெரியும். எனக்கு அப்போது அவள் பக்கம்தான் மனம் சாய்ந்தது. அடுத்த வீட்டுக்காரனால் வேலை போன பெண்ணுக்கு வேறு எப்படிப் பேச வரும்?

குருமன்காட்டில் அவள் வீடு. அந்தத் தெரு முழுக்க உதவி நிறுவனங்கள் வாடகைக்கு எடுத்த வீடுகள். வாசலுக்கு வாசல் கொடி, வாசலுக்கு வாசல் வெள்ளை வாகனம். ராஜினியின் வீடு மட்டும் சிறியது. ஒரு கூடம், இரண்டு அறை, ஒரு குசினி. கூடத்துச் சுவரில் மாலை போட்ட படத்தில் மீசை இன்னும் முளைக்காத பெடியன் ஒருவன் சிரித்துக்கொண்டிருந்தான்.

“ஆர் இது?” என்று கேட்டேன்.

“தம்பி,” என்றாள். அதோடு எங்களை ஜன்னல் பக்கம் கூட்டிக்கொண்டு போனாள்.

ரவுட்டர் ஜன்னல் கட்டையில் இருந்தது. கறுப்புப் பெட்டி, பச்சை விளக்கு, மூன்று கொம்பு. மூன்றும் வெளியே பார்த்து நின்றன.

“இந்த வீட்டில குசினிக்குள்ள தும்மினால் கூடத்தில இருக்கிற ஆள் முகம் துடைக்க வேணும்,” என்றேன். “இதுக்கு ஏன் மூண்டு கொம்பு?”

“கடைக்காரர் தந்தார், வாங்கினனான். எனக்கு வயர்லெஸ் பற்றி ஒண்டும் தெரியாது.”

“பாஸ்வேர்ட்?” என்றார் ஹலீம் நானா.

“போடத் தெரியேல்லை.”

ஜன்னலுக்கு வெளியே பத்தடியில் வேலி. வேலிக்கு அப்பால் வீரகத்தியின் வீடு. கதியால் தடிக்குத் தடி புதுத் தென்னோலைக் கிடுகு, இன்னும் பச்சை வாசம் போகவில்லை. வேலியடியில் துருப்பிடித்த ஆணிகள் கிடந்தன.

“இதில முதல் தகரம் நிண்டதோ?”

“ஓம். நான் வற்றாப்பளை அம்மன் பொங்கலுக்குப் போயிட்டு வந்து பாக்க, அந்தாள் தகரத்தைப் பிரிச்சுப்போட்டுக் கிடுகு கட்டியிருக்கு. தகரத்துக்குள்ளால சிக்னல் போகாது எண்டு அந்தாளுக்குத் தெரியும்.”

எனக்கு அந்த இடத்திலேயே வழக்கு முடிந்துவிட்டது. தகரம் இல்லாதவன் கிடுகு கட்டுவான். தகரம் கிடைத்தவன் கிடுகைப் பிரித்து அடுப்பெரிப்பான். இருக்கிற தகரத்தைக் கழற்றிவிட்டுக் கிடுகு கட்டிய ஒருவனை ஒட்டுசுட்டானிலிருந்து வவுனியா வரை தேடினாலும் காட்ட முடியாது. அப்படி ஒருவன் செய்கிறான் என்றால் தகரம் அவனுக்கு எதையோ மறிக்கிறது என்று அர்த்தம்.

ஹலீம் நானா வேலியடிக்குப் போய், கிடுகின் முடிச்சு ஒன்றை விரலால் தொட்டார். பிறகு அடுத்ததை. பிறகு அதற்கடுத்ததை.

“என்ன நானா, முடிச்சு எண்ணுறியளோ?”

“முடிச்சு இருக்கிற பக்கத்தைப் பாக்கிறன்,” என்று சொல்லிவிட்டு, படலையைத் திறந்துகொண்டு நடந்தார்.

வீரகத்தியிடம் எனக்கு வாடகைக்கு அறை தேடுவதாகச் சொன்னோம். அறுபது வயது மதிக்கலாம். முற்றத்தில் கதிரை போட்டு இருந்தார். கழுத்தை ஆப்பு வைத்து இறுக்கியதுபோல நேராக வைத்திருந்தார்.

“ஐயா தனியவோ இருக்கிறியள்?” என்றார் நானா.

“ஓம்.”

“மகள் சுவிசிலயாம்.”

“ஓம்.”

“அறை ஒண்டும் குடுக்கிறேல்லையோ?”

“இல்லை.”

ஓம் சொல்லும்போதும் தலை ஆடவில்லை, இல்லை சொல்லும்போதும் ஆடவில்லை. நம்முடைய ஆட்கள் ரெலிபோனில் கதைக்கும்போதுகூடத் தலையாட்டுகிறவர்கள். கழுத்துப் பிடிப்போ என்று கேட்டேன். இல்லை என்றார், அதையும் ஆடாமல்தான் சொன்னார்.

விறாந்தை மூலையில் அந்தப் பெட்டி இருந்தது. லப்டொப் படம், வெளிநாட்டு எழுத்து, எல்லாம் ராஜினி சொன்னபடியே. நான் நானாவை இடித்தேன். அவர் போய் மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஒரு பேட்டுக்கோழி முட்டையில் இருந்தபடி கொத்துவதற்குக் கழுத்தை நீட்டியது.

“மகள் இதுக்குள்ள சேட்டும் கோடாலித் தைலமும் போட்டு அனுப்பினவா,” என்றார் வீரகத்தி. “பெட்டி நல்ல பெலன். அடைக்கு வைச்சிட்டன்.”

வீட்டில் ஒரு குமிழ் விளக்கும் ஒரு ரேடியோவும் தவிர மின்சாரம் தின்னுகிற சாமான் எதுவும் இல்லை. நானா கடைசியாக ஒன்று கேட்டார்.

“தகர வேலி நல்லா இருந்திருக்கும். ஏன் பிரிச்சனீங்கள்?”

“அது என்ர வேலி இல்லை. அந்தப் பிள்ளையின்ர. அவதான் ஆள் பிடிச்சு மாத்தினவ. நான் ஏன் எண்டு கேக்கேல்லை.” கதிரையை வேலிக்கு முதுகு காட்டித் திருப்பிப் போட்டார். “அந்தப் பிள்ளையோட நான் கதைக்கிறேல்லை.”

தெருவுக்கு வந்ததும் என் வாய் சும்மா இருக்கவில்லை.

“கோழி ஈமெயில் அனுப்பினது எண்டு அறிக்கை எழுதுவமோ நானா?”

“வேலி கட்டுறவன் எந்தப் பக்கம் நிண்டு கட்டுவான், அமரா?”

“வேலிக்காரன்ர வளவுக்குள்ள நிண்டு. மற்றவன்ர வளவுக்குள்ள கால் வைச்சால் பிறகு கோடு, வழக்குதான்.” சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கு உறைத்தது. “முடிச்சு எல்லாம் ராஜினியின்ர பக்கம் இருந்தது.”

“வயர்லெஸ் பற்றி ஒண்டும் தெரியாதாம். ஆனா தகரம் சிக்னலை மறிக்கும் எண்டு தெரியுமாம். வா, நாங்களும் ஒரு ரவுட்டர் வாங்குவம்.”

பைறூஸின் கடை பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில். கொழும்பிலிருந்து வயர்லெஸ் சாமான் எடுத்து விற்கிறவர் ஊரில் அவர் ஒருவர்தான். நானா தன் வீட்டுக்கு ஒன்று வேண்டும் என்றார்.

“முதலில வீட்டைச் சொல்லுங்கோ நானா,” என்றார் பைறூஸ். “கல்லுச் சுவரோ, தகரமோ? தகரம் எண்டால் ஒரு தகட்டுக்கு அங்கால சிக்னல் செத்துப்போம். கல்லு எண்டால் வீட்டு நடுவில வையுங்கோ, ஜன்னலில வைச்சால் பாதி ரோட்டுக்குப் போயிரும். சின்ன வீட்டுக்கு ஒரு கொம்பு தாராளம். வாங்கின உடன பாஸ்வேர்ட் போட வேணும். பேர் ஒண்டும் வைக்கலாம். சுத்தவர இருக்கிற லப்டொப் எல்லாத்திலும் அந்தப் பேர் தெரியும். என்ர கடைப் பேரைத்தான் நான் வைச்சிருக்கிறன், சும்மா கிடைக்கிற விளம்பரம்தானே.”

“குருமன்காட்டு ராஜினிக்கு ஏன் மூண்டு கொம்பு வித்தனீர்?” என்றேன் நான். எனக்கு ஏற்கெனவே கோபம் ஏறத் தொடங்கியிருந்தது.

“நான் விக்கேல்லை அமராக்கா, அவா கேட்டு வாங்கினவா. ஒரு கொம்பு போதும் எண்டு நான் கட்டாயப்படுத்திச் சொன்னனான். பக்கத்து வீட்டுக்குள்ள போறது எது எண்டு கேட்டா. எனக்குச் சிரிப்பு வந்திட்டுது. கடைக்கு வாற எல்லாரும் பக்கத்து வீட்டுக்குப் போகாதது எது எண்டுதான் கேக்கிறவை. நடுவில தகரம் நிண்டால் என்ன செய்யலாம் எண்டும் கேட்டா. தகரத்தைக் கழட்டுங்கோ எண்டு பகிடிக்குச் சொன்னனான். பாஸ்வேர்ட் போட்டுத் தாறன் எண்டதுக்கும் வேண்டாம் எண்டிட்டா.”

திரும்பும் வழியில் நான் பேசவில்லை. என் வாய் ஓய்ந்திருந்தால் நான் கொதிக்கிறேன் என்று நானாவுக்குத் தெரியும். எங்களை அவள் கயிறாகத் திரித்திருக்கிறாள். வீரகத்தியின் கழுத்தில் போட ஒரு கயிறு அவளுக்குத் தேவைப்பட்டிருக்கிறது.

ராஜினி எங்களை எதிர்பார்த்தவள்போல வாசலில் நின்றாள். நானா கூடத்துக்குள் போய், உட்காராமலே சொன்னார்.

“அந்தாளிட்ட லப்டொப் இல்லை, பிள்ளை. அந்தப் பெட்டிக்குள்ள கோழி அடையிருக்கு. ரவுட்டரையும் வேலியையும் ஜன்னலையும் நீங்கள் நல்லாத்தான் தெரிஞ்செடுத்திருக்கிறியள். பெட்டிக்குள்ள என்ன இருக்கு எண்டு மட்டும் பாக்கேல்லை.”

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

“ஓம். நான்தான் அனுப்பினனான்.”

“உங்கட வேலையை நீங்களே துலைச்சனீங்களோ?” என்றேன். “தன்ர மூக்கை அறுத்து எதிரிக்குச் சகுனத்தடை எண்டு கேள்விப்பட்டிருக்கிறன். இண்டைக்குத்தான் மூக்கில்லாத ஆளைப் பாக்கிறன்.”

“மூக்கு என்ன, தலையையும் குடுத்திருப்பன்,” என்றாள். அப்போதுதான் முதல் முறையாக அவள் குரல் உடைந்தது. “முந்தின சண்டைக்குள்ள ஆமிக்காரர் பள்ளிக்கூட மைதானத்துக்கு எல்லாரையும் வரச் சொன்னவங்கள். வரிசையில விட்டவங்கள். பின்பக்கம் திறந்த ஜீப்புக்குள்ள ஒராள் சாக்கைத் தலையில போட்டுக்கொண்டு இருந்தது. கண்ணுக்கு ரெண்டு ஓட்டை. எனக்கு முன்னால என்ர தம்பி. சாக்கு ஒருக்கா மேலையும் கீழையும் ஆடினது. அவ்வளவுதான். தம்பியை ஏத்தினாங்கள். பிறகு ஒரு தகவலும் இல்லை.”

நாங்கள் இருவரும் படத்தைப் பார்க்காமல் இருக்கப் பாடுபட்டோம்.

“அது வீரகத்தி எண்டு எப்பிடித் தெரியும்?” என்றார் நானா.

“சாக்கு இடுப்பு வரைக்கும்தான். கீழ கால் தெரிஞ்சது. வலக்காலில பெருவிரல் பாதியோட நிக்கிது, கோடாலி பட்டது. அந்தக் காலுக்கு மருந்து கட்டினது என்ர அம்மா. அம்மா அந்தப் படத்துக்கு மாலை போட விடாமலே செத்தவா. பிறகு நான்தான் போட்டனான். ஒவ்வொரு நாளும் அந்தாள் உயிரோட முற்றம் கூட்டுற சத்தத்தில நான் எழும்புறன், நானா. உங்களுக்கு அது விளங்குமோ?”

எனக்கு விளங்கியது. ஆடாத கழுத்தும் இப்போது விளங்கியது. ஒருமுறை ஆட்டிய தலையை அந்த மனிதன் அதற்குப் பிறகு யாருக்கும் ஆட்டவில்லை. சற்று முன் ராஜினி மேல் இருந்த கோபம் முழுதும் வேலி தாண்டிப் போய்விட்டது. அதே அறிக்கையை நானே தட்டச்சு செய்யலாம் என்றுகூட நினைத்தேன்.

ஹலீம் நானா நினைக்கவில்லை.

“பொய் சொல்லி நான் ஆளைக் காட்டிக் குடுக்கமாட்டன். அது அவற்ர வேலை. திங்கக்கிழமை நீங்கள் போய் உள்ளதைச் சொல்ல வேணும். இல்லாட்டி நான் சொல்லுவன்.”

“அப்ப அந்தாள் இப்பிடியே கோழி வளர்த்துக்கொண்டு இருக்கட்டுமோ?”

அதற்கு ஒரு மறுமொழி என்னிடம் இருந்தது.

“உந்தப் பெட்டிக்குப் பேர் வைக்கலாம் எல்லோ?” என்றேன். “இந்தத் தெருவில வீட்டுக்கு வீடு லப்டொப். திறந்தால் எல்லாத்திலும் தெரியுமாம்.”

ராஜினியின் முகம் மாறியது. “தலையாட்டி எண்டு போடுறன்.” ஆமிக்கு ஆளைக் காட்டிக் கொடுக்கிறவனுக்கு ஊரில் அதுதான் பெயர்.

“வேண்டாம்,” என்றார் நானா உடனே. “அந்தச் சொல்லைப் போட்டால் நாளைக்கு வேற ஆக்கள் வந்து அந்தாளை முடிப்பாங்கள். பிறகு நீங்களும் தலையாட்டினது மாதிரித்தான்.”

“அப்ப கேள்வியாக் கேப்பம்,” என்றேன். நானா ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார். அது சம்மதமோ, காது கேளாத பாவனையோ, நான் விசாரிக்கவில்லை. ராஜினி இங்கிலீஷ் எழுத்தில் தமிழை ஒவ்வொன்றாக அடித்தாள். வீரகத்தி, தம்பி எங்கே.

திங்கட்கிழமை அவள் விசாரணைக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். வேலை போனது. பொலிசுக்குப் போகாமல் விட்டதே அந்த வெள்ளைக்காரரின் பெருந்தன்மை. அதை அறிந்துகொள்ள அந்த வாரக் கடைசியில் நானும் நானாவும் குருமன்காட்டுக்குப் போனோம்.

தெரு முழுக்க அந்தக் கேள்வி பரவியிருந்தது. நான் நினைத்ததைவிட அது கொடிதாக வேலை செய்தது. சனம் வீரகத்தியைத் திட்டவில்லை, இரக்கப்பட்டது. அவருடைய தம்பிதான் காணாமல் போனதாகவும், யாரோ நல்ல மனசுக்காரர் தேட உதவுவதாகவும் எல்லோரும் நினைத்தார்கள். பாண் வாங்கப் போனால், “தம்பி கிடைச்சிட்டாரோ ஐயா?” என்று கேட்டார்களாம். காணாமல் போனவர்களைப் பதிகிற நிறுவனத்துப் பிள்ளை ஒன்று வீடு தேடிப் போய், “தம்பியைக் கடைசியாக் கண்டது நீங்களோ?” என்று பரிவோடு விசாரித்ததாம்.

நாங்கள் ராஜினியின் முற்றத்தில் நிற்கும்போது கிடுகுக்கு மேலால் வீரகத்தியின் முகம் தெரிந்தது. முகம் வற்றிப் போயிருந்தது.

“பிள்ளை, அதை எடுத்துவிடு. வாற போற எல்லாரும் கேக்கினம்.”

பல வருடத்துக்குப் பிறகு அவர் அவளோடு பேசிய முதல் பேச்சு அது. ராஜினி வேலியடிக்குப் போனாள்.

“என்ன கேக்கினம்?”

“தம்பி எங்க எண்டு.”

“நீங்கள் என்ன சொன்னனீங்கள்?”

அவர் கிடுகின் நுனியைப் பிடித்துக்கொண்டார்.

“எனக்கும் அதுக்கும் ஒரு தொடர்பும் இல்லை எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. இப்பவே போய் எடுக்கிறன்.”

வாய் திறந்தது. மூடியது. மறுபடி திறந்தது. ஒரு பொய்தான் அவரிடம் கேட்கப்பட்டது, அதுவும் சாட்சி இல்லாத பொய். அது வரவில்லை.

“சரி, வாயால வேண்டாம்,” என்றாள் ராஜினி. “உங்களுக்குப் பழக்கமான மாதிரிச் சொல்லுங்கோ. அண்டைக்குச் சாக்குக்குள்ள இருந்தது நீங்கள்தானே?”

பக்கத்து வளவில் கோழி கேறியது. அந்தக் கழுத்து மெதுவாக, துருப்பிடித்த கீல் அசைவதுபோல, ஒருமுறை மேலும் கீழும் ஆடியது. ஹலீம் நானா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

வீரகத்தி அழுதுகொண்டிருந்தார். ராஜினி திரும்பி வீட்டுக்குள் போனாள். எடுத்துவிடப் போகிறாள் என்றுதான் நான் நினைத்தேன். நானாவும் அப்படித்தான் நினைத்தார் என்று பிறகு சொன்னார். அவள் ஜன்னலருகே போய், கரண்ட் வயர் கழன்றிருக்கிறதா என்று பார்த்து, இன்னும் இறுக்கமாகச் செருகினாள். பிறகு ஒரு கொம்பு சரிந்திருந்ததைக் கண்டு நிமிர்த்திவிட்டாள்.

“பிள்ளை, அந்தாள் மறுமொழி சொல்லிட்டார்,” என்றார் நானா.

“அது ஆர் எண்ட கேள்விக்கு, நானா,” என்றாள் ராஜினி. “நான் எங்க எண்டுதான் கேட்டிருக்கிறன்.”